மூன்றாவது கொடி

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடங்கள் மூன்று. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம். வாசல் திண்ணையின் தெற்கு மூலை. அப்புறம் தோட்டத்துப் பக்கம், துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி உட்கார்ந்தால் கொஞ்சம். 2020 ஊரடங்கில் எது யாருக்கு என்று யாரும் பேசவில்லை, ஆனால் முடிவாகிவிட்டது. திண்ணை அப்பாவுக்கு. மாடி தம்பிக்கு. பொழுது சாய்ந்தபின் நான் மாடிப்படியில் கால் வைத்தால், "வயசுப் பொண்ணுக்கு இந்நேரத்துல மாடியில இன்னா வேல?" என்று ஆயா உள்ளேயிருந்தே கேட்பார். துவைக்கிற கல் எனக்கு.

நான் எழுத வந்தது கைப்பேசியில் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டைப் பற்றி. அதை இந்தக் கல்லிலிருந்துதான் தொடங்க முடியும். பாகூர் கொம்யூனில் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு மாடியைவிட நல்ல இடம் ஒன்று இருந்தது. வாய்க்கால் மதகு. டவர் நேர் எதிரே. அங்கே உட்கார்ந்து ஆடும் தம்பியின் திரையில் பிங் 40 என்று பச்சையாக நிற்கும். என்னுடையதில் 180, மழை தூறினால் 300, சிவப்பாக. ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன்: நான் விரலை அழுத்துவது ஆட்டத்துக்குள் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர ஆகும் நேரம் அது, மில்லிசெகண்டுக் கணக்கில். நேருக்கு நேர் ஒருவன் வந்துவிட்டால் என் குண்டு கிளம்பும் முன்பே நான் செத்திருப்பேன். ஆகவே சண்டைக்குப் போகாத வேலை எனக்கு வந்தது. பிடித்த இடத்தைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'வாட்ச்மேன்'. பிறகு நானே ஆட்டத்தில் அதைப் பெயராக வைத்துக்கொண்டேன். பெண் என்று தெரியாமல் இருக்கவும் உதவியது.

பெண்கள் பொறுமையானவர்கள், அதனால் காவலுக்குச் சரியானவர்கள் என்று தம்பியின் நண்பன் ஒருவன் விளக்கம்கூடச் சொன்னான். என் பொறுமையின் அளவு 180 மில்லிசெகண்ட் என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் ஆடியது பப்ஜி. நால்வர் அணியில் ஒருவனின் போன் தண்ணீரில் விழுந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எராங்கெல் என்ற கற்பனைத் தீவு, எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். 100 பேர் விமானத்திலிருந்து குதிப்பார்கள். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நிற்பவர் உயிர் கரைந்து சாவார். அதில் இரண்டு வழி உண்டு. வட்டத்தின் நடுவே இருக்கும் வீட்டை முதலிலேயே போய்ப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களை ஜன்னலிலிருந்து அடிப்பது ஒன்று. ஓரத்தை ஒட்டியே நகர்ந்து, முதுகுப் பக்கம் பயமில்லாமல் முன்னால் போகிறவர்களை அடிப்பது இன்னொன்று. ராணுவத் தளம் இருக்கும் தென்தீவுக்குப் பாலம் வழியாகப் போகலாம். பாலத்தை வண்டியால் அடைத்துக்கொண்டு நிற்பதை எங்கள் பையன்கள் 'டோல்கேட்' என்பார்கள்.

வட்டம் சுருங்குவது எனக்குப் புதிதாக இல்லை. எங்கள் பக்கம் ஊர்களின் வரைபடமே விசித்திரமானது. புதுச்சேரி ஒரே நிலமாக இல்லை. தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பேருந்தில் போகும்போது போர்டு மாறும், மறுபடி மாறும். எல்லை மாறுகிற இடத்தில் சாராயக்கடையோ பிராந்திக்கடையோ இருக்கும், பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு வசதியாக. கல்லூரி முடிந்து இறங்குகிற பெண்களுக்கு எந்தக் கடையை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும், எந்த வரப்பு வழியாகச் சுற்றினால் கடை கண்ணில் படாது, எந்தத் தெருவிளக்கு எரியாது என்பதெல்லாம் மனப்பாடம். பையன்கள் 'ரொட்டேஷன்' என்று யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்ததை நாங்கள் பத்தாம் வகுப்பிலிருந்து செய்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் ஆயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். நான் ஒரு வீட்டுக்குள் ஓடி அறை அறையாகத் துப்பாக்கி தேடிக்கொண்டிருந்தேன். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் இருந்தன.

"இந்த ஊட்ல இருந்தவங்கல்லாம் எங்க போய்ட்டாங்க?"

"யாரும் இல்ல ஆயா. இது கேமு."

"அடுப்பு கீது. யாரும் இல்லன்றியே."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எராங்கெலில் எல்லா வீடும் காலி. யாருடைய ஊர் என்று ஆட்டம் சொல்லாது. எங்கள் துண்டு துண்டான வரைபடமும் ஒரு நிலப்பிடி ஆட்டத்தின் மிச்சம்தான். 1746-இலிருந்து 1763 வரை பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மூன்று கர்நாடகப் போர்களில் இந்தப் பக்கத்து ஊர்களை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். 1752-இல் ஸ்ட்ரிங்கர் லாரன்சின் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது எங்கள் பாகூரில்தான். வில்லியனூரும் பாகூரும் கையில் இருந்தால் கோட்டைக்கு நெல் வரும். கைவிட்டுப் போனால் கோட்டை பட்டினி கிடக்கும். கடைசியில் அதுதான் நடந்தது. 1760-இல் அயர் கூட்டின் படை புதுச்சேரியைச் சுற்றி வளைத்தது. உள்ளே சோறு தீரத் தீர, தளபதி லாலி நகரத்தில் இருந்த தமிழ்க் குடிமக்களை வெளியே துரத்தினார். வெளியே நின்ற ஆங்கிலேயர்கள் அவர்களைத் தாண்டிப் போகவிடவில்லை. பெண்களும் குழந்தைகளும் நாள்கணக்கில் இரண்டு படைகளுக்கும் நடுவே வெட்டவெளியில் கிடந்தார்கள். அப்புறம்தான் வழிவிட்டார்கள். 1761 ஜனவரியில் கோட்டை விழுந்தது. எந்தப் படை எங்கே நின்றது என்று காட்டும் படங்கள் இருக்கின்றன. நடுவில் கிடந்தவர்களுக்கு எந்தப் படத்திலும் நிறம் இல்லை. ஆயா கேட்டது அவர்களைப் பற்றித்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஆயாவிடம் சொன்னால் சிரிப்பார்.

2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜிக்குத் தடை வந்தது. லடாக் எல்லையில் சீனாவோடு நடந்த மோதலுக்குப் பிறகு மொத்தமாக 118 செயலிகளை அரசு தடுத்தது. நிஜமான நிலத்தகராறு ஒன்று பொய்யான நிலத்தகராறை முடித்துவைத்தது. மதகில் ஒரு வாரம் இழவு வீடு மாதிரி இருந்தது. பிறகு எல்லோரும் 'கால் ஆஃப் டியூட்டி மொபைல்' ஏற்றிக்கொண்டார்கள். அங்கேதான் நான் 'டாமினேஷன்' என்ற ஆட்டவகையைப் பார்த்தேன்.

அணிக்கு ஐந்து பேர். மூன்று கொடிகள். ஏ நம் வாசலில், சி எதிரியின் வாசலில், பி நடுவில். கொடியின் கீழே சற்று நேரம் நின்றால் அது நம்முடையதாகும். பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கொடிக்கும் சில நொடிக்கு ஒருமுறை புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும். எத்தனை பேரைக் கொன்றோம் என்பதற்கு வெற்றியில் பங்கில்லை. ஆக, இரண்டு கொடி கையில் இருந்தால் போதும். எதிரிக்கு ஒன்று ஏறும்போது நமக்கு இரண்டு. அசையாமல் நின்றாலே ஜெயிக்கலாம்.

அசையாமல் நிற்பதற்குத்தான் பையன்களால் முடியவில்லை. இரண்டைப் பிடித்ததும் மூன்றாவது கண்ணை உறுத்தும். நால்வரும் எதிரியின் வாசலுக்குப் பாய்வார்கள். இந்த ஆட்டத்தில் செத்தவன் சில நொடியில் மறுபடி முளைப்பான். அதைத்தான் 'ஸ்பான்' என்கிறோம். எங்கே முளைப்பான்? எதிராளிகள் இல்லாத பக்கத்தில். நாம் நால்வரும் அவன் வீட்டுக்குள் நின்றால், ஆட்டம் அவனை நம் வீட்டுப் பக்கம் முளைக்க வைத்துவிடும். அதாவது என் முதுகுக்குப் பின்னால். சி கொடியைப் பிடித்துவிட்டோம் என்று நால்வரும் கத்துகிற அதே நொடியில் ஏ கொடியடியில் நான் ஐந்து பேரிடம் தனியாக மாட்டியிருப்பேன். "வாட்ச்மேன் தூங்கிட்டான்டா" என்பார்கள்.

பத்துப் பதினைந்து ஆட்டம் இப்படிச் செத்தபிறகு எனக்குப் பிடிபட்டது. எதிரியைத் தேட வேண்டியதில்லை. மூலையில் இருக்கும் சின்ன வரைபடத்தில் நம் ஆள்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும், எதிரி எங்கே முளைப்பான் என்று தெரிந்துவிடும். நம் ஆள் ஒருவன் எல்லை தாண்டினால் அடுத்த சாவுக்கு அவர்கள் பக்கம் மாறுவார்கள். துவைக்கிற கல்லில், ஒரு காதில் மட்டும் வேலைசெய்யும் ஹெட்போனோடு, சண்டை போடாமல் உட்கார்ந்திருந்ததால்தான் இது எனக்குத் தெரிந்தது. ஓடிக்கொண்டிருப்பவனுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும்.

தெரிந்து என்ன செய்வது? என் மைக் அணைந்திருந்தது. "அக்கா, நீ மைக்க மட்டும் ஆன் பண்ணாத. அவனுங்கல்லாம் ஒருமாதிரி பேசுவானுங்க" என்று தம்பி முதல் நாளே சொல்லியிருந்தான். எழுத்தில் அனுப்பலாம்தான், ஆனால் எழுதி முடிப்பதற்குள் செத்துவிடுவோம். ஒரே வழி, தம்பி மதகுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற நாள்களில் மாடிப்படிக்குக் கீழே நின்று அவனிடம் சொல்வது. "சி-க்குப் போவாத. ரெண்டு பேர் பி-க்கு மேல நில்லுங்க. ஒருத்தன் ஏ-க்கும் பி-க்கும் நடுவுல." அவன் அதை மைக்கில் கத்துவான். ஜெயிக்க ஆரம்பித்தோம். மதகில் என் தம்பிக்கு 'கேப்டன்' என்று பெயர் வந்தது. அவன் கெட்டவன் இல்லை. ஒருமுறைகூட 'அக்காதான் சொன்னா' என்று அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான். நானும் சொல்லச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் யோசனைகள் அப்பாவின் வாயில் வெளியே வருவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் இருவருக்குமே அது இயல்பாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் தம்பி சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் சேர்ந்தான். அன்றிரவு ஆட்டத்தில் நான்கு பேர் தலைவன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கைத் திறந்து, "பி-ல நில்லுங்க, தாண்டாதீங்க" என்றேன்.

ஒரு நொடி அமைதி. பிறகு ஒருவன் சிரித்தான். வெளியூர்க்காரன் ஒருவன் இங்கே எழுத முடியாததைச் சொன்னான். எனக்கு நன்றாகத் தெரிந்த, எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிற பையன் ஒருவன் ஆட்டத்தை விட்டு வெளியேறினான். பிற்பாடு தம்பியிடம் அவன் சொன்ன காரணம்: "அக்காவ யாராவது அசிங்கமா பேசினா நான் கேட்டுகினு இருக்க முடியுமா?" பேசியவனை ஒன்றும் சொல்லாமல் அவன் வெளியேறியதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெஃப்ரி குஸ்னெகாஃப், லிண்ட்சே ரோஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஹேலோ 3' விளையாட்டில் முன்பே பதிவுசெய்த ஆண்குரலையும் பெண்குரலையும் ஒரே வார்த்தைகளோடு ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். 2013-இல் அச்சான அந்த ஆய்வில், ஆண்குரலுக்கு வந்ததைப்போல மூன்று மடங்கு வசை பெண்குரலுக்கு வந்திருந்தது. குரலே இல்லாமல் ஆடியதோடு ஒப்பிட்டாலும் அதே மூன்று மடங்கு. தென்கொரியாவின் கெகுரி என்ற பெண் 'ஓவர்வாட்ச்' ஆடியவர். அணிக்கு முன்னால் நின்று இடத்தைப் பிடித்துக்கொடுக்கிற பாத்திரம் அவருடையது. 2016-இல் அவர் ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடுவதாகக் குற்றம் சாட்டினார்கள். இத்தனை துல்லியம் நம்பும்படி இல்லையாம். அவர் தன் கைகளைக் கேமராவில் காட்டிக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் ஆட வேண்டியிருந்தது. 2018-இல் ஓவர்வாட்ச் லீகில் ஆடிய முதல் பெண் அவர்தான். நம் நாட்டிலும் 2024 ஏப்ரலில் பிரதமர் விளையாட்டாளர்கள் ஏழு பேரைச் சந்தித்தார். அதில் பெண் ஒருவர், பாயல் தாரே. ஏழில் ஒன்று என்பதைப் பெருமையாகச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பெண்களைச் சேர்த்தேன். வில்லியனூர் பக்கம் ஒதியம்பட்டில் சித்தி மகள். என்னோடு எம்.ஏ. படித்த நெட்டப்பாக்கத்துத் தோழி. ஒரு நர்ஸ், இரவு டியூட்டி இல்லாத நாள்களில். நர்ஸின் தங்கை. இரவு பத்தரைக்கு, பாத்திரம் கழுவி முடித்தபின். ஐந்து பேரில் நால்வருக்கு நல்ல சிக்னல் இல்லை. ஒருத்தி போர்வைக்குள்ளிருந்து ஆடுவாள், அவள் கிசுகிசுப்பாகத்தான் பேசுவாள். நேருக்கு நேர் சுடுவதில் யாரும் எங்களைத் தோற்கடிக்கலாம். அதனால் சுடுவதையே நம்பவில்லை. தொடங்கியதும் மூன்று பேர் சேர்ந்து பி-க்குப் போவோம். அதிகம் பேர் நின்றால் கொடி சீக்கிரம் மாறும். பிடித்ததும் பிரிந்து, பி-யைப் பார்க்கிற இரண்டு ஜன்னல்களுக்கு ஆளுக்கொருத்தி. சி பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. எதிரி முளைக்கும் இடம் மாறாது, வரும் வழியும் மாறாது. இரண்டே வழி, இரண்டு ஜன்னல்.

சித்தி மகள்தான் எங்களில் சூரப்புலி. அவள் சிரிப்பு பெரியது. ஒருவனை வீழ்த்தினால், "வாடா வா, எங்க போற" என்று சத்தமாகச் சிரிப்பாள். போர்வைக்காரி, "மெதுவாடி" என்பாள்.

பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் கைப்பேசி விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். நாங்களும் சேரலாம் என்று சொன்னது நான்தான். அவள் தயங்கினாள். "ராத்திரி நாம ஆடறது யாருக்கும் தெரியாதுக்கா. அப்பிடியே இருக்கட்டுமே." நான் விடவில்லை. எத்தனை நாள் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்திருப்பது என்று பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். இரண்டு ஆட்டம் ஜெயித்தோம், மூன்றாவதில் தோற்றோம். ஜெயித்த ஒன்றில் எங்களிடம் தோற்றவன் அவள் குரலைப் பதிவுசெய்து வைத்திருந்தான். "வாடா வா, எங்க போற" என்பதும் அந்தச் சிரிப்பும் மட்டும், ஆட்டத்தின் சத்தத்தை வெட்டிவிட்டு, பதினோரு நொடி. அது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போனது. இரண்டு நாளில் சித்தப்பாவின் கைக்கு வந்தது.

அவர் அடிக்கவில்லை. போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஐந்து மாதம். அவளுடைய கடைசி செமஸ்டர் ஆன்லைன் வகுப்புகளை அவள் அண்ணன் போனில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பார்த்தாள். இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். நான் ஒதியம்பட்டுக்குப் போனபோது சித்தி எனக்குக் காபி கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை. தம்பி, "நான் அப்பவே சொன்னேன்ல, மைக்க ஆன் பண்ணாதன்னு" என்றான். பதிவு செய்தவன் மதகில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் போனை யாரும் பூட்டவில்லை.

பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது: நீ மூன்றாவது கொடிக்குப் போனாய், அவள் வீட்டுக்குள் எதிரி முளைத்தான். உனக்குத் தெரிந்த பாடம்தானே. நன்றாகப் பொருந்துகிற உவமை. ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை வரவில்லை. ஆட்டத்தில் விதி இரண்டு பக்கத்துக்கும் ஒன்று. அவனும் மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் அவன் வாசல் திறந்துகொள்ளும். தொடங்கும்போது ஆளுக்கொரு கொடி வாசலிலேயே இருக்கும். அவளுக்கு எந்தக் கொடி இருந்தது? போன்கூட அவளுடையதில்லை, சித்தப்பா வாங்கித் தந்தது. போட்டியில் பேர் கொடுப்பதைப் பேராசை என்று நானே சொன்னால், துவைக்கிற கல்லை எனக்கு ஒதுக்கியவர்கள் பக்கம் நான் நிற்கிறேன் என்று பொருள். அதே சமயம், விலை கொடுத்தது நானில்லை என்பதும் உண்மை. அவள் தயங்கியபோது அவளுக்கு அவள் வீட்டு வரைபடம் தெரிந்திருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே நின்று அடுத்தவர் வாயால் பேசிக்கொண்டிருந்தவள், குரல் கிடைத்ததும் முதலில் செய்தது அடுத்தவளுக்கு உத்தரவு போட்டது.

இதை அவளிடமே சொன்னேன், போன வருஷம். இப்போது அவள் வில்லியனூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் தவணை முறையில் போன் வாங்கினாள். ரசீது அவள் பேரில். "மன்னிப்பெல்லாம் வேணாங்க்கா" என்றாள். "ஆனா அன்னிக்கி கடைசி மேட்ச்ல நீ என்ன பி-ய விட்டுட்டு ஏ-க்கு வரச்சொன்ன பாரு, அது தப்பு. அதாலதான் தோத்தோம்." நான் அந்த ஆட்டத்தை மறந்தே போயிருந்தேன். அவள் ஐந்து மாதம் அதை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் சொன்னது சரி.

இப்போது உத்தரவு அவளுடையது. நர்ஸ் கல்யாணமாகிக் கடலூர்ப் பக்கம் போய்விட்டார், தங்கை மட்டும் வருகிறாள். போர்வைக்காரி இன்னும் போர்வைக்குள்தான். இரண்டு புதுப் பெண்கள் மாறி மாறி ஆடுகிறார்கள், அதில் ஒருத்தி மைக்கைத் திறப்பதேயில்லை. யாரும் திறக்கச் சொல்வதில்லை. அவளுக்காக மட்டும், ஒரு முறை சுட்டால் 'சரி', இரண்டு முறை சுட்டால் 'வருகிறார்கள்' என்று சித்தி மகள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறாள்.

ஆயா போய் ஒரு வருஷமாகிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துணி காய்கிற கொடிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். பிங் 42. நேற்றிரவு அம்மா கீழேயிருந்து, "மணி பன்னண்டு ஆவுது, இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார். காதுக்குள் சித்தி மகள், "அக்கா, ஏ-ல தனியா இருக்க, பார்த்துக்க" என்றாள். அம்மாவுக்கு நான் பதில் சொல்வதற்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன்.